தண்ணீர் வராத ஊர்

எங்கள் சங்கத்தில் ஒரு காரியம் நடந்ததா இல்லையா என்பதைக் கையைத் தூக்கித்தான் முடிவு செய்வார்கள். மரக்காணம் வட்டார நில மனை முகவர்கள் முன்னேற்றச் சங்கம் என்பது அதன் முழுப்பெயர். பழைய உப்புக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வாசலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகளும் தலைவருக்கு ஒரு சுழல் நாற்காலியும் வாங்கிப் போட்டிருந்தார்கள். கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து மேற்கே பார்த்து நிற்க வேண்டும். மேற்கேதான் ரோடு இருக்கிறது, நிலம் வாங்க வருகிற பார்ட்டி ரோட்டிலிருந்துதான் வருவான் என்பது தலைவர் கலையரசனின் விளக்கம். கிழக்கே கடல் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்போம். பிறகு டீ வரும்.

நானும் உறுப்பினன். பெயர் புருஷோத்தமன். அப்போது எனக்கு வயது அறுபத்திரண்டு. மூன்று தலைமுறையாக உப்பளம் வைத்திருந்த குடும்பம். அளம் கைமாறிய பிறகு நான் நிலத் தரகுக்கு வந்தேன். வந்தேனே தவிர யாரிடமும் கை நீட்டியதில்லை. கமிஷனைக்கூட வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வேன். சில பார்ட்டிகள் தட்டு தேடிக்கொண்டு போனவர்கள் திரும்பி வராமலே இருந்ததுண்டு. அதற்காக நான் முறையை மாற்றிக்கொள்ளவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவி அம்சவல்லி தன் நிலத்துக்குப் போனாள். பக்கிங்காம் கால்வாய்க்கும் உப்பளங்களுக்கும் நடுவில் எழுபது சென்ட். அவள் அப்பா கல்யாணத்தின்போது அவள் பெயரில் எழுதி வைத்தது. சவுக்கு போட்டிருந்தோம். மறுநாள் வியாபாரி வருகிறான், மரத்தை எண்ணிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். எண்ணிய மரத்தில் கத்தியால் ஒரு கொத்து கொத்துவது அவள் வழக்கம். நூற்றுப் பன்னிரண்டாவது மரம் வரை கொத்து இருந்தது. கழிமுகம் வழியாகத் தண்ணீர் வந்தது. மத்தியானம் உப்பள வரப்பில் அவளைக் கண்டெடுத்தோம். ஆறு பேர் தூக்கி வந்தார்கள்.

அன்று மாலையே எரித்தேன். பதினாறாம் நாள் காரியத்தை ஒரு குறையும் இல்லாமல் செய்தேன். இடையில் கிராம நிர்வாக அலுவலர் ஒரு பட்டியலோடு வாசலுக்கு வந்தார். "அம்மா பேரைச் சொல்லுங்க, நிவாரணத்துக்கு எழுதிக்கிறேன்" என்றார். சாவுக்குக் காசு வாங்குகிற குடும்பம் இல்லை எங்களுடையது, எந்தப் பட்டியலிலும் எங்கள் பெயர் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் போன பிறகு நான் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்த வாரம் சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. கிடங்குச் சுவரில் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. கழுவிய நாற்காலிகளிலிருந்து வாடை போகவில்லை. தலைவர் கலையரசனுக்கு நாற்பது வயது; சட்டைப் பையில் இரண்டு செல்போன், விரலில் நான்கு மோதிரம். எழுந்து பேசினார்.

"உறுப்பினர் பெருமக்களே, சென்னைப் பார்ட்டி போன் பண்ணினா ஒரே கேள்விதான் கேக்குறான். அங்க தண்ணி வந்துச்சா? உண்மையைச் சொன்னா நம்ம தொழில் போயிடும். பொய் சொன்னா நம்ம மனசாட்சி போயிடும். ரெண்டையும் காப்பாத்தத்தான் சங்கம்னு ஒண்ணு இருக்குது. நாம ஒரு தீர்மானம் போட்டுட்டோம்னா, அப்புறம் யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. தீர்மானத்தைச் சொன்னாப் போதும்."

செயலாளர் தெய்வசிகாமணி முன்பு தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். தீர்மானத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார்: "2004 டிசம்பர் 26 அன்று சங்க எல்லைக்குள் தண்ணீர் வரவில்லை என இக்கூட்டம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூர் முஹம்மதுவின் கடை முழுவதுமாகப் போயிருந்தது. அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்ததில் அவன் வலது கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்தான். அதனால் இடது கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். நிலத்தின் விலையைப் பற்றிய தீர்மானம் என்றுதான் நினைத்தேன். அம்சவல்லியைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது தீர்மானத்தின்படி சுவரில் சேற்றுக் கோட்டுக்குக் கீழே நீலமும் மேலே வெள்ளையும் அடித்தார்கள். வந்தவர்கள் எல்லாம் நல்ல டிசைன் என்றார்கள்.

அந்த வருடம் தொழில் நன்றாகவே நடந்தது. விலை விழுந்தது என்று கேள்விப்பட்டு வாங்குவதற்கு ஆட்கள் வந்தார்கள். வந்த பிறகு விலை விழவில்லை என்று அவர்களை நம்ப வைக்க வேண்டியது எங்கள் வேலை. ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி தம்பதியை அழைத்துக்கொண்டு போனேன். கடற்கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, சவுக்குத் தோப்புக்கு நடுவே, ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்து கிடந்தது.

"இது எப்படி சார் இங்க வந்துச்சு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் உடன் வந்த தெய்வசிகாமணி சொன்னார்: "அலங்காரத்துக்குங்க மேடம். ஓனர் கலை ரசனை உள்ளவரு."

அவர்கள் படகின் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். படகும் நிலத்தோடு சேர்ந்ததுதானா என்று விசாரித்தார்கள். சேர்ந்ததுதான் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தோம். படகுக்காரனின் வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. அதனால் ஆட்சேபணை வரவில்லை.

2005 டிசம்பரில் அம்சவல்லிக்குத் தலைத் திவசம் வந்தது. அவள் நிலத்தில், நூற்றுப் பன்னிரண்டாவது மரம் நின்ற இடத்தில், ஒரு கல் நட்டேன். மூன்று அடிக் கருங்கல். "அம்சவல்லி புருஷோத்தமன். இவ்விடத்தில் நீரில் மறைந்தாள். 26-12-2004" என்று வெட்டி, எழுத்துக்கு வெள்ளை அடித்திருந்தேன். அவள் சாவுக்கென்று ஊரில் இருந்த ஒரே எழுத்து அதுதான். அது அங்கே நின்றால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் தெய்வசிகாமணி வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, கல்லு ரொம்ப நல்லா இருக்குது. எழுத்துலதான் சின்னப் பிரச்சனை."

"எந்த எழுத்துல?"

"'இவ்விடத்தில்'னு ஒண்ணு, 'நீரில்'னு ஒண்ணு, அப்புறம் அந்தத் தேதி. அதை மூணையும் எடுத்துட்டீங்கன்னா சங்கத்துக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை."

"எடுத்துட்டா என்னப்பா மிச்சம் இருக்கும்?"

"'அம்சவல்லி மறைந்தாள்'. அழகா இருக்குதுங்களே."

விஷயம் என்னவென்றால், ஒரு ரிசார்ட் கம்பெனி அந்தப் பக்கத்தில் முப்பத்தெட்டு ஏக்கரைச் சேர்த்துக் கேட்டிருந்தது. சங்கமே முன்னின்று நடத்திய வியாபாரம். நடுவில் இருந்தது அம்சவல்லியின் எழுபது சென்ட். கம்பெனி இன்ஜினியர் அளக்க வந்தபோது கல்லைப் படித்துவிட்டு, டேப்பைச் சுருட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். மேற்கே பார்த்து நின்றுவிட்டு உட்கார்ந்தோம்.

"ஐயா மேல எங்களுக்கு இருக்குற மரியாதை ஊருக்கே தெரியும்" என்று கலையரசன் ஆரம்பித்தார். "ஆனா நிலத்து மேல கடன் இருந்தா அது வில்லங்கம். கேஸ் இருந்தா வில்லங்கம். சாவு இருந்தா அதுவும் ஒரு வில்லங்கம்தானே? அரசாங்கம் இதுவரைக்கும் இதுக்கு ஒரு வழி பண்ணலை. நாமதான் முதல்ல பண்றோம். கடனை வேற சொத்துக்கு மாத்துற மாதிரி, சாவையும் வேற ஊருக்கு மாத்திட்டா நிலம் சுத்தமாயிடும்."

"என் பொண்டாட்டி செத்ததை எங்க மாத்துவீங்க?"

"அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. கிளைச் சங்கங்களுக்கு லெட்டர் போட்டுடலாம்."

லெட்டர் போட்டார்கள். ஒரு மாதத்துக்குள் பதில்கள் வந்தன. கூட்டத்தில் தெய்வசிகாமணி வரிசையாகப் படித்தார். கூனிமேட்டுக் கிளை எழுதியிருந்தது: தங்கள் கடிதம் கிடைத்தது, ஆழ்ந்த அனுதாபங்கள், நாங்கள் எங்கள் சொந்தச் சாவுகளையே வெளியில் அனுப்ப இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். குயிலாப்பாளையம் கிளை எழுதியிருந்தது: எங்கள் ஊர் மேட்டில் இருப்பதால் இங்கே தண்ணீரில் சாக வசதியில்லை, பாம்புக்கடி என்று மாற்றித் தந்தால் பரிசீலிக்கலாம், ஆரோவில் பக்கம் வருகிற வெள்ளைக்காரப் பார்ட்டிகள் பாம்பைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பொம்மையார்பாளையம் கிளை மட்டும் ஏற்றுக்கொண்டது. அங்கே கடலோரத்தில் ஒரு விருந்தினர் விடுதி இருந்தது. அதன் முதலாளி கிளையில் உறுப்பினராகச் சேர மறுத்தவர். ஆகவே அவர் இடத்தின் விலை விழுந்தால் கிளைக்கு நஷ்டமில்லை. தெய்வசிகாமணி படித்தார்: "மேற்படி அம்சவல்லி என்னும் பெண்மணி, சம்பவத்துக்கு முதல் நாள் மாலை தனியாக எங்கள் ஊருக்கு வந்து, மேற்படி விடுதியில் தங்கியிருந்தபோது காலமானார் என்பதை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறோம்."

நான் எழுந்து நின்றேன்.

"என் பொண்டாட்டி முப்பத்தெட்டு வருஷத்துல எங்கிட்ட சொல்லாம அடுத்த தெருவுக்குப் போனதில்லை. அவ எதுக்குய்யா ஊரை விட்டு ஊரு போய், லாட்ஜுல தங்கப் போறா?"

பின்வரிசையில் யாரோ, "கேள்வி நியாயம்தாம்பா" என்றான்.

கலையரசன் சுழல் நாற்காலியில் ஒரு அரைச் சுற்று சுற்றி நின்றார். "அப்ப அம்மா வேற ஊருக்குப் போகலை. அதுல ஐயா உறுதியா இருக்கீங்க?"

"உறுதியா இருக்கேன்."

"நம்ம ஊர்ல தண்ணி வரலை. அது போன வருஷமே தீர்மானம் ஆயிடுச்சு. ஐயாவும் கை தூக்கியிருக்கீங்க, மினிட் புக்ல கையெழுத்து இருக்குது."

"இருக்குது."

"அம்மா வேற ஊருக்கும் போகலை, இந்த ஊருக்குத் தண்ணியும் வரலை. அப்படின்னா அம்மா சாகலை."

தெய்வசிகாமணி அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தார்.

"ஐயாவோட குடும்ப கௌரவத்தைக் காப்பாத்துறது சங்கத்தோட கடமை" என்றார் கலையரசன். "ஒரு குடும்பப் பெண்ணை லாட்ஜுல சாக விடுறதுக்குச் சங்கம் ஒருநாளும் சம்மதிக்காது. அம்மா உயிரோட இருக்காங்கன்னு தீர்மானம் கொண்டு வர்றேன். ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

தூக்கினார்கள். சிலர் என்னைப் பார்த்து வாழ்த்துச் சொல்வதுபோலத் தலையாட்டினார்கள். நூர் முஹம்மது தூக்கவில்லை. வெளியே வந்த பிறகு கேட்டேன். "கை வலிச்சுதுண்ணே" என்றான்.

அடுத்த நாள் நிலத்துக்குப் போனபோது கல்லைப் பிடுங்கி ரோட்டோரத்தில் திருப்பி நட்டிருந்தார்கள். எழுத்து உள்ள பக்கம் முள்வேலியைப் பார்த்திருந்தது. வழவழப்பான முதுகில் சிவப்பு அம்புக்குறி போட்டு "சைட்டுக்குப் போகும் வழி" என்று எழுதியிருந்தார்கள்.

அவள் இறந்ததை எழுத்தில் வாங்கிவிடுவது என்று தாலுகா ஆபீசுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக வரிசையில் நின்றேன். குமாஸ்தா ஏதேதோ புத்தகங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பெரியவரே, உங்க வீட்டம்மா ரேஷன் கார்டுல இருக்காங்க. வோட்டர் லிஸ்ட்ல இருக்காங்க. பட்டாவுல இருக்காங்க. செத்ததுக்குத்தான் ஒரு ஆதாரமும் இல்லை. பட்டியல் எடுத்தப்ப எங்க போயிருந்தீங்க?"

"வீட்டுலதான் இருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. இப்ப ஒரு வருஷம் தாண்டிடுச்சு. கோர்ட் ஆர்டர் வேணும். அன்னைக்கு அந்த இடத்துல தண்ணி வந்துச்சுன்னு ரெண்டு சாட்சி கையெழுத்து போடட்டும்."

அம்சவல்லியைத் தூக்கி வந்த ஆறு பேரில் இரண்டு பேர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். மீதி நான்கு பேரில் மூன்று பேர் அந்த ஒரு வருடத்தில் தரகர்களாகிச் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். நான்காவது ஆள் நூர் முஹம்மது; அவன் முன்பே சங்கத்தில் இருந்தவன். அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சாயிரா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அண்ணே, ஒடிஞ்ச கையோட நான்தான் கால் பக்கம் தூக்குனேன். அல்லா மேல சத்தியமா மறக்கலை. ராத்திரி கண்ணை மூடுனா அந்த வரப்புதான் வருது. ஆனா கையெழுத்து போட்டேன்னா என்னைச் சங்கத்தைவிட்டுத் தூக்கிடுவானுங்க. கடையும் போச்சு. மூணு பொண்ணு வச்சிருக்கேன். வேற எதுனா கேளுண்ணே."

வேறு எதுவும் கேட்பதற்கு இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

2006 மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடியில் என் பெயரைத் தேடியபோது, அதற்குக் கீழே இருந்த அம்சவல்லி பெயரின் மேல் கோடு போட்டிருந்தது. காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டாளாம். "அம்மா சுறுசுறுப்புங்க" என்றான் சீட்டு கிழித்துக் கொடுத்த பையன்.

ஜூன் மாதம் கலையரசனும் தெய்வசிகாமணியும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். "அம்மாவுக்கு" என்று மேசைமேல் வைத்தார்கள்.

"ஐயா, கம்பெனிக்கு மத்த முப்பத்தேழு சொச்சம் ஏக்கரும் முடிஞ்சுது. அம்மா கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்றார் கலையரசன்.

"எந்த அம்மா?"

"நம்ம அம்சவல்லி அம்மாதான். ஏற்பாடு பண்ணிட்டோம். உப்பளத்துல வேலை செய்யுற விருத்தாம்பாள்னு ஒருத்தங்க. வயசு சரியா இருக்குது, ஆளும் தங்கமானவங்க."

வெளியே போடா என்றேன். யாரையும் டா போட்டுப் பேசுவது எனக்கு வழக்கமில்லை. கலையரசன் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"நிலம் அம்மா பேர்ல இருக்குது. சட்டப்படி உங்க சம்மதம் தேவையே இல்லை. ஆனா கையெழுத்து போட வர்ற பொம்பளை கூட வீட்டுக்காரர் ஒருத்தர் இருந்தாத்தான் ஆபீஸ்ல சந்தேகம் வராது. நீங்க வரலைன்னா வேற ஆளைப் புருஷோத்தமன்னு சொல்லி உக்கார வைக்கணும். நம்ம ஏஜெண்டு ஒருத்தரு ரெடியாத்தான் இருக்காரு. ஆனா யோசிச்சுப் பாருங்க ஐயா. நாலு பேரு முன்னால, அம்சவல்லி புருஷன்னு இன்னொருத்தன் உக்காந்திருந்தா உங்களுக்கு நல்லாவா இருக்கும்? சங்கம் உங்க கௌரவத்தைப் பாக்குது. நீங்க பாக்க மாட்டேங்குறீங்க."

நான் மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் வேட்டி சட்டைக்கு இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன்.

பத்திர ஆபீஸ் வராந்தாவில் விருத்தாம்பாள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கறுத்து மெலிந்த பெண். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் முழுக்க வெடிப்பு. சங்கத்துச் செலவில் ஒரு பட்டுப்புடவை கட்டிவிட்டிருந்தார்கள். அவள் தெருவிலிருந்து யாரும் எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"உக்காரும்மா, நீ எழுந்திரிக்கக் கூடாது" என்று தெய்வசிகாமணி பல்லைக் கடித்தார். "புருஷன் வந்தா எந்தப் பொண்டாட்டியாவது இப்படி எழுந்து நிப்பாளா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள். "என் புருஷன் வந்தா நான் ஓடித்தான் போவேன்."

உள்ளே அதிகாரி பத்திரத்தைப் பார்த்தார். கட்டைவிரல் மையைப் பார்த்தார். அம்சவல்லி எட்டாவது வரை படித்தவள். அவள் கையெழுத்து கோலம் போல இருக்கும். அந்த இடத்தில் ஒரு கரிய விரல் ரேகை இருந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"இவங்க உங்க மனைவிதானே?"

கதவருகே நாற்காலியில், சங்கம் தயாராக வைத்திருந்த அந்த இன்னொரு புருஷோத்தமன் உட்கார்ந்திருந்தான். பான்பராக் மென்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆமா" என்றேன். "என் மனைவிதான்."

கம்பெனிக் கணக்கிலிருந்து வந்த தொகையை அம்சவல்லி பெயரில் பாங்கில் போட்டார்கள். நான் அதைத் தொடவில்லை. தொடுவதற்கும் அவள் கைரேகை வேண்டும்.

அதோடு முடியவில்லை. கம்பெனி வக்கீல் ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து விசாரிக்கலாம், அதுவரை விருத்தாம்பாள் என் வீட்டிலேயே இருப்பதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு என்று சங்கம் கடிதம் அனுப்பியது. கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த அம்சவல்லி படத்தைக் கழற்றிவிடும்படியும் அதே கடிதத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கழற்றி பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தேன். திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் பாக்கியலட்சுமி போன் செய்தாள். "ஏம்பா, அம்மா உயிரோட இருக்காங்கன்னு எங்க மாமியார்கிட்ட யாரோ சொல்றாங்களாமே. நான் என்னன்னு சொல்றது?" என்று அழுதாள். இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே, இந்தப் பக்கமும் வராதே என்றேன்.

விருத்தாம்பாளைக் கொல்லைப்புறத்து விறகு அறையில் தங்க வைத்தேன். தனித் தட்டு, தனி டம்ளர். யாராவது வெளி ஆள் வந்தால் மட்டும் அவள் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். போனதும் பின்னால் போய்விட வேண்டும். ஐந்து மாதத்தில் நாங்கள் பேசிய பேச்சை எண்ணிவிடலாம். அவளுக்கு இரவெல்லாம் இழுப்பு. ஒருநாள் காலையில் முற்றத்தைப் பெருக்கியபடி கேட்டாள்:

"ஐயா, அந்தம்மா எப்படி இருப்பாங்க?"

"எதுக்கு?"

"ஊர்ல எல்லாரும் என்னை அவங்கன்னு கூப்புடுறாங்க. மளிகைக் கடையில கூட அம்சவல்லியம்மான்னுதான் எழுதுறான். நல்லவங்களா கெட்டவங்களான்னு தெரிஞ்சிக்கிட்டா, அதுக்குத் தகுந்தாப்புல இருந்துக்குவேன்ல."

நான் உள்ளே வந்துவிட்டேன். இன்னொரு முறை அவள் மகள் சின்னப்பாப்பா பார்க்க வந்திருந்தாள். கொல்லைக் கதவருகே நின்று இருவரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பகலில் வராதே, என் மனைவிக்கு அப்படி ஒரு மகள் கிடையாது, ஊர் பார்த்தால் தப்பாகப் பேசும் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

நவம்பர் மாத மழையில் இழுப்பு அதிகமாகி விருத்தாம்பாள் செத்துப்போனாள். காலையில் விறகு அறைக் கதவைத் தட்டிப் பார்த்துத்தான் தெரிந்தது.

சொல்லி அனுப்பிய அரை மணி நேரத்தில் சங்கம் முழுவதும் வந்துவிட்டது. அவளைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, கட்டிலில் கிடத்தி, அதே பட்டுப்புடவையைப் போர்த்தினார்கள். டாக்டரை அழைத்து வந்து, சொந்த வீட்டில், கட்டிலில், மூச்சுத்திணறல் என்று எழுதி வாங்கினார்கள். தட்டியில் போஸ்டர் ஒட்டினார்கள்: திருமதி அம்சவல்லி புருஷோத்தமன் இயற்கை எய்தினார். இயற்கை என்ற சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். முன்வாசல் வழியாக, மேளதாளத்தோடு, எங்கள் குடும்பத்தார் எரிகிற இடத்துக்குக் கொண்டுபோனோம். நான்தான் கொள்ளி வைத்தேன். நூர் முஹம்மது இந்த முறையும் கால் பக்கம் தூக்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுடுகாட்டில் கலையரசன் இரங்கலுரை ஆற்றினார்.

"இந்த ஊர்ல தண்ணியில செத்தாங்க, தண்ணியில செத்தாங்கன்னு வேண்டாதவங்க பரப்புறாங்க. எங்க சங்கத்து மூத்த உறுப்பினரோட துணைவியார் எப்படிச் செத்தாங்கன்னு இன்னைக்கு ஊரே வந்து பாக்குது. சொந்த வீட்டுல, கட்டில்ல, புருஷன் பக்கத்துல. இதைவிடச் சிறப்பான சாவு எங்க கிடைக்கும்? இப்படிச் சாகணும்னா மரக்காணத்துல மனை வாங்கணும்."

கைதட்ட வேண்டிய இடம் இல்லை என்பதால் ஒன்றிரண்டு பேர்தான் கைதட்டினார்கள்.

ஒரே வாரத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது. நான் வரிசையில் நிற்கவில்லை. தெய்வசிகாமணி வீட்டுக்கே கொண்டுவந்து, என் முறையை நினைவில் வைத்து, வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார். பெயர் அம்சவல்லி. கணவர் பெயர் புருஷோத்தமன். இறந்த இடம் சொந்த இல்லம். முத்திரை, கையெழுத்து எல்லாம் தெளிவாக இருந்தன. பீரோவிலிருந்து படத்தை எடுத்துத் துடைத்து, பழைய ஆணியில் மாட்டி, புது மாலை போட்டேன்.

அன்று பட்டப்பகலில் சின்னப்பாப்பா வாசலுக்கு வந்தாள். முன்வாசலுக்கு. படியேறாமல் கீழேயே நின்றாள். சுடுகாட்டுக் கூட்டத்தில் கடைசியில் நின்று, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தவள் இவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஐயா, எங்கம்மா பேர்ல காலனியில மூணு சென்ட் மனை இருக்குது. எம் பேருக்கு மாத்தணும்னா அம்மா செத்ததுக்குக் காகிதம் கேக்குறாங்க. சங்கத்துல கேட்டேன். விருத்தாம்பாள்னு யாரும் சாகலைன்னு சொல்றாங்க. ஒரு லெட்டர் குடுங்கய்யா. விருத்தாம்பாள் இந்த வீட்டுலதான் இருந்தா, இங்கதான் செத்தான்னு ரெண்டு வரி. வேற ஒண்ணும் வேணாம். நீங்க எழுதுனா நம்புவாங்க. பெரிய குடும்பம்னு சொல்றாங்க."

தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. மனைவியை இழந்த ஒருவன் வீட்டில் வேறொரு பெண், அதுவும் அந்தத் தெருப் பெண், ஐந்து மாதம் இருந்து செத்தாள் என்று நான் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது எங்கே எல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். அது திண்டிவனத்தில் என் மகளின் மாமியார் கைக்குப் போகும். சங்கத்து மினிட் புக்குக்குப் போகும். பத்திர ஆபீசுக்கும் போகும். மூன்று தலைமுறையில் எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"அப்படி யாரும் இங்க வரலைம்மா" என்றேன்.